திருகாணியை நான் கழற்றியிருக்கக் கூடாது

என் கழுத்தில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்கேன் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என் கழுத்திலிருந்தே தொடங்குகிறேன்.

காரைக்குடியில் எங்கள் சென்டருக்கு எம்.ஆர்.ஐ. மெஷின் வந்து இறங்கிய வாரம், சோதனைக்காக ஒரு ஆள் உள்ளே படுக்க வேண்டும் என்றார்கள். ஆளாளுக்கு நழுவினார்கள். நான் போய்ப் படுத்தேன். எழுந்து வந்து என் கழுத்தை நானே திரையில் பார்த்தேன். அந்த நிமிஷம் வரை எனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருந்ததில்லை. அன்று சாயங்காலமே வலி பிடித்தது. மறுநாள் தலையணையைத் தூக்கிப் போட்டேன். மூன்றாம் நாள், குடம் தூக்க மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் படங்களுக்கு ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா மதுரையில் இருக்கிறார். படம் கம்ப்யூட்டர் வழியாக அங்கே போகும், ரிப்போர்ட் இங்கே வரும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் நாக்கு கூர்மை. போனில் என் முனகலைக் கேட்டுவிட்டு, "எந்தக் கை அக்கா மரத்துப்போகுது? வலதா, இடதா?" என்று கேட்டார். நான் யோசித்து, "ரெண்டுந்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ரெண்டு கையும் மரத்துப்போற அளவுக்கு உங்க கழுத்துல ஒண்ணுமே இல்லக்கா. நாப்பது தாண்டுன முக்கால்வாசிப் பேர் கழுத்துல இது இருக்கும். நரைச்ச முடிக்குத் தலைவலி மாத்திரை போடுவீங்களா?"

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அன்று ராத்திரிக்குள் வலி போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு ஆச்சரியம் பிடித்துக்கொண்டது. படம் பொய் சொல்வதில்லை, சரி. ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்ட கேள்விக்குச் சில நேரம் வாயே திறப்பதில்லை. டிஸ்க் பிதுங்கியிருக்கிறதா என்றால் ஆமாம் என்கிறது. இவருக்கு வந்திருக்கும் தொல்லை அதனால்தானா என்றால் சும்மா இருக்கிறது. அதற்கு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்துவைத்திருந்த நான்தான் பஞ்சவர்ணத்தைப் பார்க்காமல் விட்டேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் இந்தத் தப்பு நடந்திருக்காது. மெஷின் அறை முழுக்கக் காந்தம். உடம்பில் ஒரு ஊசி இருந்தாலும் உள்ளே விடக் கூடாது. நம் ஊர்ப் பெண்கள் வந்து உட்கார்ந்தால் தாலிச் செயின், மெட்டி, மூக்குத்தி, ஊக்கு, கொண்டை ஊசி என்று வரிசையாகக் கழற்ற வேண்டியிருக்கும். எல்லாம் வந்துவிடும், தோட்டுத் திருகாணி மட்டும் வராது. காது குத்தின நாளில் திருகினது, அதன்மேல் இத்தனை வருட எண்ணெயும் அழுக்கும். மற்றவர்கள் கால் மணி நேரம் போராடுவார்கள். நான் தோட்டின் முகத்தை இடது கையால் பிடித்து, திருகாணியில் ஈரத் துணி நுனியைச் சுற்றி, ஒரே திருப்பு. வலிக்கவும் வலிக்காது. தேவகோட்டையிலிருந்து வருகிறவர்கள்கூட "திருகாணி அக்கா இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அன்றைக்குக் காலையில் கரண்ட் போய் மெஷின் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. பதினோரு மணிக்கு வெளியே பன்னிரண்டு பேர். நெற்குப்பைக்குப் பஸ் போய்விடும் என்று ஒருவர் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பஞ்சவர்ணம் உள்ளே வந்தார். மானகிரிக்காரர், ஐம்பத்தொரு வயது. வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறவர், செட்டியார் வீட்டுக் கல்யாணம் என்றால் கை முறுக்குக்கு அவரிடம்தான் சொல்லுவார்கள். கூட வந்தது அவர் வீட்டுக்காரரின் தங்கை காளீஸ்வரி. டாக்டர் கொடுத்த சீட்டில் இடுப்புக்குப் படம் எடுக்கச் சொல்லியிருந்தது. இடுப்பு வலிக்கிறது, கால் விறைக்கிறது, தடுக்குகிறது, முற்றத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். சர்க்கரை பதினைந்து வருடமாக.

ஸ்டூலில் உட்கார்ந்தவர் இரண்டு கையையும் காதுக்குக் கொண்டுபோனார். விரல் திருகாணியைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. கையைக் கீழே போட்டுவிட்டார்.

"வரலக்கா."

"விடுங்கத்தா, இதுக்குத்தான நான் இருக்கேன்" என்று சொல்லி, இரண்டு காதையும் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

"ஆத்தாடி, என்னா கையி!" என்றார் அவர். நான் சிரித்துக்கொண்டே தோடுகளைக் கிண்ணத்தில் போட்டேன். கிண்ணத்தைப் பார்த்தேன். அவர் கையைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். இடுப்புக்கு எடுக்கும்போது, கடைசியில் கழுத்திலிருந்து வாலெலும்பு வரைக்கும் முழு முதுகுத்தண்டையும் பக்கவாட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஸ்கிரீனிங் என்போம். நாலைந்து நிமிஷம் பிடிக்கும். பஞ்சவர்ணம் உள்ளே கல்லு மாதிரி படுத்திருந்தார், படங்கள் அவ்வளவு சுத்தமாக வந்தன. வெளியே பஸ்ஸுக்கு அவசரப்பட்டவர் கதவையே தட்டத் தொடங்கிவிட்டார். நான் அந்த நாலைந்து நிமிஷத்தை விட்டுவிட்டேன். ஏன் எடுக்கவில்லை என்று மதுரைக்கு எழுத வேண்டுமே? எல்லாரும் எழுதுகிற வரியை எழுதினேன்: "நோயாளி ஒத்துழைக்காததால் ஸ்கிரீனிங் எடுக்கவில்லை."

நீங்களும் ஒரு நாள் எழுதுவீர்கள் அந்த வரியை. கை தானாக எழுதும்.

இடுப்பில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே டிஸ்க் பிதுங்கி, நரம்பு போகிற வழி குறுகித்தான் இருந்தது. குனிந்து நிமிர்ந்து, அடுப்படியிலேயே முப்பது வருடம் உட்கார்ந்த இடுப்பு அது. ரிப்போர்ட் போயிற்று. கால் தடுக்குகிறது, இடுப்பில் டிஸ்க் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு யாருக்குத்தான் தோன்றாது? நானும் என் இல்லாத கழுத்து வலிக்கு அப்படித்தான் முடிச்சுப் போட்டேன். சர்க்கரை நாள்பட்டதால் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்ததும் டாக்டருக்குத் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லையாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சவர்ணம் மறுபடி வந்தார். காளீஸ்வரி ஒரு கையில் அவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் எவர்சில்வர் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று கூட்டம் இல்லை. அதனால் கதவிலிருந்து என் மேசை வரை அவர் நடந்து வந்ததை முழுசாகப் பார்த்தேன். இரண்டு காலையும் அகட்டி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்த்துப் பார்த்து வைத்தார். சர்க்கரைக்காரர்கள் நடையை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது.

"திங்கக்கிழமை மதுரையில ஆபரேசன்க்கா, இடுப்புல" என்றார் பஞ்சவர்ணம். "நகையெல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வரச் சொல்லிட்டாக. எல்லாத்தையும் கழட்டிட்டேன், இந்தத் தோடு வர மாட்டேங்குது. நீங்க கழட்டி விட்டுருங்க."

டின்னை மேசையில் வைத்தார். "கோவிச்சுக்காமக் கழட்டுங்கக்கா. அதான் முறுக்கு கொண்டாந்தேன்."

"நான் எதுக்குத்தா கோவிக்கப் போறேன்?"

காளீஸ்வரிதான் சொன்னார். "மருந்துக் கடைக்காரரு ரிப்போர்ட்ட படிச்சுச் சொன்னாருக்கா. மதினி ஒத்துழைக்கலன்னு போட்டிருக்காமே. அன்னையிலேருந்து இதுக்கு அதே பொலம்பல்."

"நான் என்னக்கா ஒத்துழைக்கல?" என்றார் பஞ்சவர்ணம். "இருமல் வந்துச்சு, அதைக்கூட முழுங்கிக்கிட்டுல்ல கெடந்தேன். அசைஞ்சா படம் கெட்டுரும்னு சொன்னீக. மூச்சக்கூட பாத்துப் பாத்துத்தான விட்டேன்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்த வரி மதுரைக்குத்தான் போகும், ரிப்போர்ட்டில் ஏறும், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அது மானகிரிக்குப் போய் ஒரு பொம்பளையை மூன்று வாரம் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. பேச்சை மாற்ற டின்னைத் திறந்தேன்.

டின்னுக்குள் இரண்டு விதமான முறுக்கு இருந்தது. பாதி முறுக்கு ஐந்து சுற்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, முறுக்கேறி, அளந்து வைத்த மாதிரி. மீதிப் பாதி கோணல்மாணல். சுற்று நடுவில் அறுந்திருக்கிறது, சிலதில் மூன்று சுற்றுக்கு மேல் போகவே இல்லை.

"இது யாரு சுத்துனது?" என்று நல்லதைக் காட்டிக் கேட்டேன்.

"நான்தேன்" என்றார் காளீஸ்வரி.

"அப்ப இது?"

"அது நான் சுத்துனது" என்றார் பஞ்சவர்ணம். "மாவு சரியில்லக்கா. மூணு நாலு மாசமாவே மாவு சொன்னபடி கேக்க மாட்டேங்குது. அரிசிய மாத்திப் பாத்தேன். மில்ல மாத்திப் பாத்தேன்."

"மில்லுக்காரரோட சண்டையே போட்டுருச்சு" என்றார் காளீஸ்வரி. "கல்லு தேஞ்சுபோச்சு, மாவு நறநறங்குதுன்னு. அவரு பாவம், கல்லக் கொத்திட்டு வந்து காட்டுறாரு. அப்பறம் வெண்ணெயில கொறை. அப்பறம் நான் உப்புத் தண்ணி கூடத் தெளிக்கிறேனாம், அதுல கொறை."

"நீ வாய மூடு. நீ தெளிக்கத்தான செய்யிற."

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அதை வேறு எப்படிச் சொல்ல? முறுக்கைப் பார்த்தேன், இரண்டு பேரையும் பார்த்தேன்.

"இருங்க. ரெண்டும் ஒரே மாவா?"

"ஒரே மாவுதான்."

"ஒரே நேரத்துல உக்காந்து சுத்துனீகளா?"

"எதுத்தாப்புல எதுத்தாப்புல உக்காந்து சுத்துனோம்."

"அப்ப மாவு எப்புடித்தா சரியில்லாமப் போகும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு மாதமாக அரிசி, மில், வெண்ணெய், உப்பு என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் பழி விழுந்திருக்கிறது. கை மேல் மட்டும் விழவில்லை. முப்பது வருடம் முறுக்குச் சுற்றின கையை யார் சந்தேகப்படுவார்கள்?

அப்போதுதான் எனக்குத் திருகாணி ஞாபகம் வந்தது. கை முறுக்கு எப்படிச் சுற்றுவது? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மாவைத் திருக வேண்டும். திருகாணியைக் கழற்றுவதும் அதே இரண்டு விரல்தான். அன்றைக்கு அந்த விரல்கள் திருகாணியைத் தடவிக்கொண்டே இருந்ததை என் கண் பார்த்தது. நான்தான் பார்க்கவில்லை. அழுக்கேறி இறுகியிருக்கிறது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தத் திருகாணி இறுகியே இருக்கவில்லை. தொட்டதும் திரும்பிவிட்டது. அதைக்கூட என் கைத்திறமை என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் கைய நீட்டுங்க. விரல நல்லா விரிச்சு, இறுக்கி மூடணும். வேகமா. நான் பத்து எண்ணுற வரைக்கும்."

காளீஸ்வரி இருபதைத் தாண்டினார், சிரித்துக்கொண்டே. பஞ்சவர்ணம் எட்டு. விரல்கள் மூடுகிற அளவுக்கு விரியவில்லை. சுண்டு விரல் தனியாக விலகி நின்றது. அவரும் அதைப் பார்த்தார், ஏதோ அடுத்த வீட்டுக்காரி கையைப் பார்ப்பதுபோல.

"சட்டைக் கொக்கி போடுறீகளா?"

"இவதான் போட்டு விடுறா."

"சோறு அள்ளுறப்ப?"

"சிந்துது."

"இதையெல்லாம் டாக்டருட்ட சொன்னீகளா?"

"அவரு காலைப் பத்திக் கேட்டாரு. காலைச் சொன்னேன். கையைப் பத்தி யாரு கேட்டாக?"

இடுப்பில் உள்ள டிஸ்க் என்னதான் பிதுங்கினாலும் கை விரலைத் தொடாது. இது நமக்கு முதல் வருடப் பாடம். கையும் காலும் சேர்ந்து கெட்டால், இரண்டுக்கும் வயர் போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். அது கழுத்து. அந்தக் கழுத்தை நான் எடுக்காமல் விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஆபரேஷன். இடையில் சனி, ஞாயிறு.

நான் டெக்னீஷியன். சீட்டு இல்லாமல் இன்னொரு இடத்தை எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மதுரைக்கு போன் போட வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளா, அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கு ஒரு அழகான வழி தோன்றியது. "புதுசா கையில தொந்தரவு வந்திருக்கு" என்று சொல்லிவிடலாம். பழைய வரி பழையபடியே இருக்கட்டும். பஞ்சவர்ணத்துக்கும் நல்லது நடக்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது. அந்த யோசனையோடுதான் போன் போட்டேன்.

"டாக்டரம்மா, மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு இடுப்பு எடுத்தோம், மானகிரி பஞ்சவர்ணம்..."

"இருங்க." அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம். "இருக்குக்கா. ஸ்கிரீனிங் இல்ல. ஒத்துழைக்கலன்னு போட்டிருக்கீங்க. ரொம்ப அசைஞ்சாங்களா?"

ஆமா என்றால் முடிந்தது. எதிரே பஞ்சவர்ணம் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இருமலை விழுங்கிக்கொண்டு படுத்திருந்த மனுஷி. அவர் காதில் விழுகிற மாதிரி இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல டாக்டரம்மா. அவுக அசையவே இல்ல. நான்தான் எடுக்கல. கூட்டமா இருந்துச்சு, விட்டுட்டேன். அந்த வரி பொய்."

பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தினார். "சரி, இப்ப அவங்களுக்கு என்ன?" என்றார் டாக்டரம்மா. முறுக்கைச் சொன்னேன், கொக்கியைச் சொன்னேன், எட்டுத் தடவையைச் சொன்னேன். நடையைச் சொன்னேன், திங்கட்கிழமை ஆபரேஷனையும் சொன்னேன்.

"திங்கக்கிழமை ஆபரேஷன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"அக்கா, மயக்கம் குடுத்துத் தொண்டையில குழாய் போடுறதுக்குக் கழுத்தை அண்ணாத்துவாங்க. அப்பறம் குப்புறப் போட்டு மணிக்கணக்குல வச்சிருப்பாங்க. கழுத்துல தண்டுவடம் நசுங்கி இருக்குன்னு தெரியாமச் செஞ்சா, இருக்கிற கையும் காலும் போயிரலாம். நான் அந்த சர்ஜன்கிட்டப் பேசிச் சீட்டு வாங்கி அனுப்புறேன். நீங்க அவங்களைத் தயார் பண்ணுங்க." போனை வைக்கப் போனவர் மறுபடி பேசினார். "உங்களத் திட்டுறத நாளைக்கு வச்சுக்கறேன்."

சீட்டு அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. பஞ்சவர்ணம்தான் உள்ளே வர மாட்டேன் என்றார்.

"எனக்குக் கழுத்துல வலியே இல்லையேக்கா! வலிக்கிற எடத்த விட்டுட்டு வலிக்காத எடத்தப் படம் புடிச்சா ஊரு சிரிக்காதா? மறுபடி அந்தக் குகைக்குள்ள நான் போக மாட்டேன்."

"தெருக்குழாயில தண்ணி வரலைன்னா குழாயையே தட்டிக்கிட்டு இருப்பீகளா? டேங்குலேருந்து வர்ற வழியப் பாப்பீகளா?"

அவர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "அங்குட்டு அடைச்சிருக்குங்கிறீகளா?"

"பாத்தாத்தான் தெரியும். அன்னைக்கே பாத்திருக்கணும். என் தப்புத்தா. உங்க மேல எழுதுனது பெரிய தப்பு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, தோட்டக் கழட்டுங்க" என்றார். கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன்.

படம் வந்தது. கழுத்துப் படத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், தண்டுவடம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருக்கும், அதன் முன்னும் பின்னும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். பஞ்சவர்ணத்துக்கு ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே அந்த வாய்க்கால் காணாமல் போயிருந்தது, முன்னாலும் பின்னாலும். டிஸ்க் பின்னால் தள்ளித் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. நசுங்கின இடத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே வெள்ளையாக ஒரு திட்டு. அது காயம்.

என் கழுத்தில் பிதுங்கியிருப்பதும் அதே இடம்தான். பக்கத்தில் என் பழைய படத்தைத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஒரே எலும்பு, ஒரே டிஸ்க். என்னுடையதில் வாய்க்கால் ஓடுகிறது. நான் மூன்று நாள் முனகினேன். அவருக்குக் கழுத்தில் வலியே இல்லை. எனக்கு அந்த ஆச்சரியம் இன்றுவரை தீரவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டு அனுப்பி, அடுத்த வாரமே மதுரையில் கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். இனிமேல் கெடாமல் நிறுத்தத்தான் இது, போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்று சர்ஜன் முன்னாலேயே சொல்லிவிட்டாராம். மூன்று வாரம் முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

டாக்டரம்மா மறுநாள் சொன்னபடியே திட்டினார். சென்டர் முதலாளியும் திட்டினார். பழைய பதிவில் என் கையாலேயே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: "நோயாளி ஒத்துழைத்தார். ஸ்கிரீனிங்கை நான் எடுக்கவில்லை." இப்போதும் அங்கே இருக்கும். வேண்டுமானால் தேடிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு யார் வந்து உட்கார்ந்தாலும் ஈரத் துணியை உடனே எடுப்பதை விட்டேன். "முதல்ல நீங்களே கழட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொக்கி, ஊக்கு, வாட்ச், தோடு. நமக்குத் தெரிந்த வேலையை இன்னொருவர் தடவித் தடவிச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நம் கை தானாகப் போகும். உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொள்வோம். அந்த அரை நிமிஷத்தில் எந்த மெஷினும் காட்டாத ஒன்று நம் கண் முன்னால் நடக்கிறது. நாம் போய் அதை நிறுத்திவிடுகிறோம்.

எட்டு மாதம் கழித்து பஞ்சவர்ணம் மறுபடி படம் எடுக்க வந்தார். காளீஸ்வரி கூட வந்தாலும் பிடித்துக்கொண்டு வரவில்லை. கால் இன்னும் கொஞ்சம் அகலமாகத்தான் விழுந்தது, ஆனால் பார்வை தரையில் இல்லை. "மதினி இப்ப அறுந்துபோகாம மூணு சுத்துவரைக்கும் போயிருச்சு" என்றார் காளீஸ்வரி. "அஞ்சு நான் சுத்துறேன். உப்புத் தண்ணியிலதான் இன்னும் கொறை சொல்லுது."

ஸ்டூலில் உட்கார்ந்து பஞ்சவர்ணம் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பழக்க தோஷம், என் கை துணிக்குப் போனது. அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சும்மா நில்லுங்க. நான் கழட்டுறேன்."

நின்றேன். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். வெளியே யாரோ "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று கேட்டார்கள். நான் திரும்பவில்லை. இடது காதுத் திருகாணி மெதுவாகத் திரும்பி, உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைக் கிண்ணத்தில் போட்டார். வலது காதுக்குக் கையைத் தூக்கினார், ரொம்ப நேரம் முயன்றார், வரவில்லை.

"இத நீங்க கழட்டுங்க" என்றார்.

கழற்றினேன். அவர் எழுந்திருக்கவில்லை. என் மேசையில் இருந்த தாளைக் காட்டினார்.

"இன்னைக்கு என்ன எழுதப் போறீக? எழுதிப் படிச்சுக் காட்டுங்க, அப்பறம் உள்ள வாரேன்."

பேனாவை எடுத்து எழுதி, சத்தமாகப் படித்தேன். "நோயாளி இடது காதுத் திருகாணியைத் தானே கழற்றினார். வலதுக்கு உதவி தேவைப்பட்டது. முழுவதும் ஒத்துழைத்தார்."

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படிங்க" என்றார் பஞ்சவர்ணம்.

படித்தேன்.